மேனேஜரின் இரண்டாம் பங்கு

நாய்க்குப் பெயர்தான் மேனேஜர். வேலை என்று எதையும் அது செய்ததில்லை. வாசல் மிதியடியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, அண்ணனும் தங்கையும் வீட்டைக் கூட்டுவதையும் துணி மடிப்பதையும் ஒற்றைக் கண்ணால் மேற்பார்வை பார்க்கும். அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தான். "எங்க டிப்போ மேனேஜரும் இப்படித்தான். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எந்திரிப்பாரு."

அண்ணன் முதல் பஸ் ஓட்டுகிறவன். விடியுமுன் கிளம்பிப் பகல் பன்னிரண்டுக்கு வீடு திரும்புவான். தங்கைக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. பதினொன்றரைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நடுவில் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் மேனேஜர் தன் பிழைப்பை நடத்தியது. பதினொரு மணிக்குத் தங்கை கையால் நீல டப்பாவிலிருந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிடும். பன்னிரண்டுக்கு அண்ணன் கதவைத் திறந்ததும், மூன்று நாள் பட்டினி கிடந்த முகத்தோடு அதே டப்பாவின் முன்னால் போய் உட்காரும். 'பாவம், பிள்ள மறந்துட்டா போல' என்று அவன் இன்னொரு கிண்ணம் போடுவான்.

வயிறு தரையை உரசத் தொடங்கியதும் மிருக டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்கிறதுண்டா?" என்று கேட்டார்.

அன்று பிறந்ததுதான் சிவப்புக் கிளிப் ஏற்பாடு. துணி காயப்போடுகிற சாதாரணக் கிளிப். மேனேஜரை நடக்கக் கூட்டிப்போகிற வார் தொங்கும் கொக்கியில் இருந்தால் மேனேஜர் இன்னும் சாப்பிடவில்லை. டப்பா மூடியில் இருந்தால் சாப்பாடு முடிந்தது, அது எவ்வளவு நடித்தாலும் ஏமாறக்கூடாது. மத்தியானம் உலாத்திவிட்டு வந்ததும் அண்ணன் கிளிப்பைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிடுவான். ஆறு வருஷம் இந்தச் சட்டம் பிசகாமல் நடந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு மேனேஜர் போய்ச் சேர்ந்தது. வயதாகிவிட்டது, சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. டாக்டர் அறையில் தலையைத் தங்கையின் மடியிலும் பின்னங்கால்களை அண்ணன் கையிலும் வைத்தபடி, சத்தமில்லாமல். மிச்சமிருந்த தீனியை டாக்டரிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தங்கையின் கை தானாகப் போய் டப்பாவைத் திறந்தது. உள்ளே வெறும் தகரம். அந்த வெறுமையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் வரும்போது நாலு பாக்கெட் பிஸ்கெட் வாங்கி வந்து கொட்டி நிரப்பினாள். அதற்கடுத்த நாள் கை அதே நேரத்துக்குப் போயிற்று. நின்றபடியே ஒன்று, இரண்டு என்று எட்டு பிஸ்கெட் உள்ளே போனது. வாய் மென்றுகொண்டிருக்கும்வரை தொண்டையில் எதுவும் ஏறி வரவில்லை. மூடியை அழுத்தி மூடி, பழக்க தோஷத்தில் கிளிப்பையும் மாட்டிவிட்டுப் போனாள்.

எட்டு பத்தாயிற்று, பத்து பதினைந்தாயிற்று. இயல்பிலேயே அவள் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தோமா என்று பாதி மாடிப்படியிலிருந்து திரும்பி ஏறுகிறவள். இப்போது புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது. தெருமுனையில் சைக்கிள் கடை அக்கா இருக்கிறாள். மேனேஜரின் காதைத் திருகாமல் அவளுக்குப் பொழுது போகாது. பார்த்தால் கட்டாயம் கேட்பாள். செத்துப்போச்சு, இறந்துட்டான், இப்ப இல்ல என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாள். எதுவும் பல்லைத் தாண்டி வரவில்லை. பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி, அடுத்த ஸ்டாப்பில் போய் பஸ் ஏறினாள்.

அம்மா போனில் வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்பாள்.

"சாப்பிட்டேன்மா."

"என்ன சாப்பிட்ட?"

அத்தோடு சிக்னல் சரியில்லாமல் போய்விடும்.

இதற்கு நடுவில் இன்னொன்று அவளை அரித்தது. அவ்வளவு தின்றும் டப்பா குறையவே இல்லை. நேற்றுப் பாதியாக விட்டது இன்று தளும்பி நிற்கிறது. நாமே வாங்கிப் போட்டுவிட்டு மறக்கிறோமோ, மூளை குழம்புகிறதோ என்று அதையும் நினைத்துப் பயந்து, அதற்கும் சேர்த்து நாலு தின்றாள்.

வியாழக்கிழமை சலவைக்கூடத்தில் பெரிய உலர்த்தும் இயந்திரம் நின்றுபோனது. போனதும் போகாததுமாக எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டே காலுக்கு அவள் கதவைத் திறந்தபோது, அண்ணன் டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நீல டப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கிளிப் அவன் காலரில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முழுங்கிட்டுப் பேசு," என்றாள்.

அவன் முழுங்கினான். "ஏன் சீக்கிரம் வந்துட்ட?"

"மெஷின் நின்னுபோச்சு. நீ என்ன பண்ற?"

"என்ன பண்றேன்னா? உள்ள வர்றேன். மூடியில கிளிப் இருக்கு. அப்ப முதல் பங்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். ரெண்டாவது பங்கு கேக்க ஆள் இல்லையே. அதான்." சொல்லிக்கொண்டே வந்தவனுக்குக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் பிஸ்கெட் தூள்.

"டப்பாவ நிரப்புறது நீதானா?"

"நீ இல்லையா?"

"நானும்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் மூணு வாரமா."

"அது பொறந்ததுலேருந்தே இருக்கு," என்றான். அவள் பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கை டப்பாவுக்குப் போயிற்று. அவன் மூடிவிட்டான்.

"வேணாம் வாலு. தின்னு முடிச்சதும் அவன் ஞாபகம் இன்னும் அதிகமாத்தான் வருது. உனக்கு?"

அவள் தலையாட்டினாள். இம்முறை மெல்லுவதற்கு ஒன்றும் இல்லாததால் அழுகை வந்துவிட்டது. அவன் தடுக்கவில்லை.

சற்றுப் பொறுத்து, "இன்னொண்ணும் சொல்லணும். திட்டக்கூடாது," என்றான். அலமாரியின் பின்னாலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்தான். உள்ளே கடிப்பதற்கென்று முடிச்சு முடிச்சாகப் போட்ட பருத்திக் கயிறு. "சைக்கிள் கடை அக்கா போன வாரம் மடக்கிட்டாங்க. எங்கடா அவன்னு கேட்டாங்க. வாய் வரல. உடம்பு சரியில்ல, படுத்திருக்கான்னு சொல்லிட்டேன். மறுநாள் இதைப் பின்னிக் குடுத்து, எந்திரிச்சதும் குடுன்னுட்டாங்க. அதுலேருந்து நானும் பின்சந்துலதான் வர்றேன்."

"நீயுமா?"

"சந்துல நாம மோதிக்காததே ஆச்சரியம்."

அவள் கயிற்றை விரலால் தடவினாள். ஒவ்வொரு முடிச்சும் இறுக்கமாக இருந்தது. யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் போட்ட முடிச்சு. இதை வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

"எந்திரி. இது அவன் நடக்குற நேரம்தான்."

"நீ சொல்வியா?"

"தெரியல. வா."

கொக்கியிலிருந்து வாரையும் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கைக்குப் பிடிமானமாக இருந்தது. சைக்கிள் கடை அக்கா ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரைப் பார்த்தாள். அதன் நுனியில் யாரும் இல்லாததையும் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் தங்கை. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த மூன்றில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "மேனேஜர் போயிட்டான் அக்கா. மூணு வாரமாச்சு. அண்ணன் சொன்னது பொய். எங்களுக்குச் சொல்ல வரல."

அக்கா சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பிறகு, "எனக்கு அப்பவே சந்தேகம்தான். உடம்பு சரியில்லாதவன் எவ்வளவு நாள் என் ரொட்டிய விட்டுட்டு இருப்பான்?" என்றாள்.

"எந்த ரொட்டி?" என்றான் அண்ணன்.

"தினம் மத்தியானம். நீ அங்க நின்னு போனைப் பாத்துக்கிட்டிருப்ப. அவன் இந்தப் பக்கமா வந்து என் ரொட்டியில பாதிய வாங்கிட்டுப் போயிடுவான். பாவம், வீட்டுல சரியா போட மாட்டாங்க போலன்னு நானும் குடுப்பேன்."

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். டாக்டர், கிளிப், ஆறு வருஷச் சட்டம் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லச் சொல்லச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கிரீஸ் படிந்த கையோடு அக்காவும் கண்ணைத் துடைத்து, கன்னத்தில் கறுப்பாக அப்பிக்கொண்டாள். கயிற்றைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டாள். "அவனுக்குப் பின்னினது. நீங்களே வச்சுக்கங்க."

மறுநாள் பதினொரு மணிக்குக் கை வழக்கம்போல டப்பாவைத் திறந்தது. கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. பிஸ்கெட்டையெல்லாம் அண்ணன் காலையிலேயே டிப்போவுக்குக் கொண்டுபோய்விட்டான். அவள் கயிற்றை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பசி மாதிரி இருந்தது. பசி இல்லை என்றும் தெரிந்தது.

பதினொன்றரை வரை காத்திருக்காமல் செருப்பை மாட்டினாள். முன்வாசல் வழியாக, தெருமுனை வரைக்கும். மூன்றாம் பங்கைப் பற்றி அக்காவிடம் கேட்க இன்னும் நிறைய இருந்தது.

போகுமுன் கிளிப்பை எடுத்து மூடியில் மாட்டினாள். அண்ணன் வந்து பார்த்தால் புரிந்துகொள்வான்: ஆயிற்று, ஏமாற வேண்டாம்.