நான்காம் புட்டியின் காலுறை

வெண்டலினின் நாக்குக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஆறு புட்டிகளையும் ருசித்தாயிற்று. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் வசந்தம் வந்தால் இது ஒரு சடங்கு. போன வருஷத்து ஒயின் புட்டிகளுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி, எண் கட்டி, மேசையில் நிறுத்துவார்கள். எது யாருடையது என்று நாக்குதான் சொல்ல வேண்டும். காலுறைகள் வீடுவீடாகக் கேட்டு வாங்கியவை. கைக்கு வந்ததைக் கைக்கு வந்த புட்டிக்கு மாட்டுவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும்.

ஒரு காலத்தில் தன் ஒயினை முதல் மிடறிலேயே கண்டுபிடித்தவன் வெண்டலின். பிறகு, பழமை மாறக் கூடாது என்கிற கறுப்புக் கட்சி அவனை மாநிலத் தலைநகர் மைன்ஸில் இருக்கும் சட்டமன்றத்துக்கு இழுத்துக்கொண்டது. வரும் ஞாயிறு மறுபடி தேர்தல். தெருவெல்லாம் சுவரொட்டி. கையில் கொடி வெட்டும் கத்தரியோடு அவன், கீழே ‘உங்கள் திராட்சை விவசாயி’. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தான் இன்னும் விவசாயிதானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என்னய்யா எம்.எல்.ஏ., நம்பரைச் சொல்லு. இதுக்கும் கமிட்டி போடணுமா?” என்றான் ஒட்மார். பக்கத்துத் தோட்டக்காரன், சிவப்புக் கட்சி.

“ரெண்டாவதுல ஒரு நேர்மை இருக்கு. அதே சமயம் அஞ்சாவதையும் நாம புறக்கணிச்சிட முடியாது…”

“ரெண்டையும் கூட்டணி சேத்துடுப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் அதிரச் சிரிப்பு.

வெண்டலினின் மனைவி இர்ம்கார்ட் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் நின்று ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது சாடை காட்டுவாளா என்று பார்த்தான். அவள் தலையே நிமிரவில்லை.

அப்போதுதான் நான்காம் புட்டி கண்ணில் பட்டது. சாம்பல் நிறக் காலுறை, குதிகாலில் சிவப்பு நூல் ஒட்டு. அவனுடையதேதான்! இர்ம்கார்ட் தைத்த ஒட்டு. தனக்கு அடையாளம் தெரியட்டும் என்று அவள்தான் மாட்டியிருக்கிறாள் என நினைத்தபோது அவனுக்கு உயிரே வந்தது. மறுபடி ஒரு மிடறு குடித்தான். இப்போது ருசி தெரிந்தது! தங்கள் மண்ணின் கல்வாசம், அப்பாவின் வியர்வை, எல்லாமே தெரிந்தன.

“நாலாவது! பெத்த பிள்ளைய எனக்குத் தெரியாதா?” என்று எழுந்து, மண், மரபு, குடும்பம் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தான்.

ஒட்மார் காலுறையை உருவினான். ஒட்மாரின் பெயர் போட்ட புட்டி. “என் பிள்ளைய எப்ப தத்தெடுத்தே?” என்றான்.

சிரிப்பில் வெண்டலினுக்குக் காதே அடைத்தது. “அப்போ நம்மளுது எது?” என்று மற்ற காலுறைகளையும் அவனே உருவினான். எல்லாம் அடுத்தவன் பெயர். ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான்.

“நம்மளுதுன்னு ஒண்ணும் இல்ல. போன மே மாசம் காலம் தப்பி விழுந்த பனியில ஆத்தோரத் துளிர் பூரா கருகிப்போச்சு. மிஞ்சுன பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வித்துட்டேன். ஒரு புட்டிகூட அடைக்கல. பனி விழுந்த அன்னைக்கும் சொன்னேன், வித்த அன்னைக்கும் சொன்னேன், ஃபோன்ல.”

“நான் என்ன சொன்னேன்?”

“ ‘கவனத்தில் எடுத்துக்கொண்டேன்’னு சொன்னே. பனி விழுந்த மறுவாரமே, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்காகச் சட்டசபையில தழுதழுத்தே. டி.வி.யில பாத்தேன். நீ நம்மளத்தான் சொல்றேன்னு நினைச்சு நானும் அழுதேன்.”

யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஒட்மார் ஒரு கோப்பை ஊற்றி அவன் பக்கம் தள்ளினான். வெண்டலின் அதைத் தொடவில்லை. சாம்பல் காலுறையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“இது நம்மளுதுதானே, இர்ம்கார்ட்?”

“காலுறை நம்மளுதுதான்” என்றாள் அவள்.