ரோதமுனியிடம் சொன்ன பெயர்

தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை மாயாண்டி பேச்சியம்மாவின் பெயரைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார். கொழுந்து பறிக்க எல்லாரையும் அனுப்பி, களம் வெறிச்சோடிய பிறகு, "ஏ பேச்சி, ஒனக்கு ஓட மேடு" என்பார். செங்குத்துச் சரிவு, அட்டைக்காடு. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பேச்சியம்மாவின் தங்கச்சி மகள் ஷாமிலாவின் கையை மாயாண்டி பிடித்து இழுத்ததை, தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னவள் பேச்சியம்மாதான். அன்றைக்குத் தொடங்கிய வஞ்சம், வருசக்கணக்காகியும் நிற்கவில்லை.

காலையில் வேலைச் சங்கு ஊதுமுன்பே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். தூக்கம் போயிற்று. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வயிறு பெருத்ததைப் பார்த்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், "இந்த வயசுல விசேசமாக்கும்" என்று சிரித்தார்கள். கடைசியில் கணுக்காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது.

கிளினிக்கில் டாக்டர் சிவதர்சினி, யாழ்ப்பாணத்துக்காரி, புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"சீனியும் பிரஷரும் ஏறிக் கிடக்குது. ஆரைக் கண்டு அம்மா இவ்வளவு பயப்பிடுறியள்?"

"பயமெல்லாம் இல்லங்க டாக்டரம்மா. ஆத்திரம்."

"உடம்புக்கு ரெண்டும் ஒண்டுதான். ஆபத்து எண்டா கோர்ட்டிசோல் எண்டொரு சுரப்புக் கூடும். ஓடித் தப்ப அது வேணும். பிறகு அடங்கோணும். உங்களுக்கு அடங்கேல்லை. அது சீனியை ஏத்தும், நித்திரையைக் கெடுக்கும், புண்ணை ஆற விடாது. இப்பிடியே விட்டா காலை எடுக்க வேண்டி வரும். மருந்தையும் போடுங்கோ, மனசையும் ஆற விடுங்கோ."

மனசை ஆற விடுவதாம். திரும்பி வரும் பஸ் கொட்டகலையைத் தாண்டும்போது பேச்சியம்மாவுக்கு வேறொன்று தோன்றியது. அந்தச் சுரப்பு தன் உடம்பில் மட்டுமா இருக்கிறது?

வெள்ளிக்கிழமை, தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காக்கிற ரோதமுனிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். "புண்ணு ஆறணும் சாமி" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் பெரட்டுக் களத்தில் மாயாண்டியின் பக்கத்தில் போய், "ஐயா, ரோதமுனிகிட்ட ஒங்க பேரச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"என்னன்னு?"

"அது எனக்கும் சாமிக்கும்."

அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் அது போதும். ரோதமுனியிடம் பெயர் போனவனைச் சாமி சும்மா விடாது; அந்தப் பெயரைச் சொன்ன வாய்தான் திருப்பி வாங்க வேண்டும். மாயாண்டி சேவல் அறுத்துப் பார்த்தார், பலனில்லை. தினமும் காலையில் பேச்சியம்மா முன்வரிசையில் நின்று அவரைப் பார்ப்பாள், பிறகு தொழிற்சாலைப் பக்கம் பார்ப்பாள். அவர் கண் சிவந்தது, சட்டை தொளதொளத்தது, பெயர் கூப்பிடும் நாக்கு குழறியது. அதையெல்லாம் ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்த்து இரவெல்லாம் விழித்துக் கிடந்தாள் அவள்.

அடுத்த கிளினிக்கில் மாயாண்டியும் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"பேச்சியக்கா, தூக்கமே இல்ல. நெஞ்சு அடிச்சுக்குது. சொன்ன பேரத் திருப்பி வாங்கிருங்க. நாளையிலேருந்து நீங்க ஓட மேடு போக வேணாம்."

காலில் புண் விண்விண்ணென்று தெறித்தது. 'ஒண்ணுமே கேக்கலைங்க ஐயா' என்ற பேச்சு அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அன்றிரவு தூங்கியிருப்பார்கள்.

அதற்குள் அவர், "அந்தப் புள்ள கையக்கூட நான் தெரியாமத்தான் புடிச்சேன்" என்றார்.

"தெரியாமயா?"

நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்நேரம் உள்ளேயிருந்து நர்ஸ் மிஸ்ஸி அவள் பெயரைக் கூப்பிட்டாள்.

"ஒங்க பேரு கடைசியாத்தான் வரும் ஐயா. ஒக்காருங்க."

டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகம் சுளித்தாள். "பிரஷர் இன்னும் கூடிக் கிடக்குது. புண்ணும் பெருத்திட்டுது. நான் சொன்னதைக் கேக்கேல்லையோ அம்மா?"

கதவிடுக்கில் மாயாண்டி தெரிந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, அவள் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆற விடுறேங்க டாக்டரம்மா" என்றாள் பேச்சியம்மா, அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்."