மாலை செதுக்கிய கை

பாரோஸ் தீவில் மூன்று அருள் தேவிகளுக்குப் பலி கொடுக்கும் நாளில் யாரும் தலையில் மாலை சூடமாட்டார்கள். குழலும் ஊதமாட்டார்கள். மினோஸ் ராஜா அங்கே பலி கொடுத்துக்கொண்டிருந்தபோது மகன் செத்த சேதி வந்தது. மாலையைப் பிய்த்தெறிந்து குழலை நிறுத்தச் சொன்னான். அன்றிலிருந்து அப்படித்தான். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கதை.

தெய்னோனுக்கும் தெரியும். ஆனால் தேவிகளுக்கு மாலை போட்டே செதுக்கும் ஏதென்ஸில் பன்னிரண்டு வருஷம் உளி பிடித்தவன் அவன். கோயிலுக்கான கற்பலகையில் கைகோத்து ஆடும் மூன்று தேவிகளைப் புடைப்பாகச் செதுக்கி முடிக்கையில், அவன் பாட்டுக்கு யோசனையில் இருக்க, கை தானாக மூன்று தலைகளிலும் மாலையைக் கொத்திவிட்டது. கல்லில் கோடு போட்டுக் கொடுத்தவன் தங்கை புருஷன் லாம்பிஸ். அவன்தான் முதலில் பார்த்தான்.

"மச்சான், நான் போட்ட கோட்டுல மாலை இல்லையே?"

தெய்னோனுக்குத் தப்பு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"விதி பலி கொடுக்குறவனுக்குத்தான் மாப்பிள்ளை, தேவிக்கு இல்ல. நீ கோடு போடுறதோட நிறுத்திக்க. கெணத்துத் தவளை."

லாம்பிஸ் சிரித்தான். "தவளையாவே இருந்துட்டுப் போறேன். பூசாரி மிக்கோன் பாத்தா நம்ம தோல உரிச்சுத் தொங்கவிடுவாரு."

பலிக்கு முந்தின நாள் காலை. கோயில் சுவரோரம் நிறுத்திய பலகையின் துணியை மிக்கோன் விலக்கினார். மாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எந்தக் கேடுகெட்ட பய செஞ்ச வேலைடா இது?"

"கோடு போட்டது லாம்பிஸ்" என்றான் தெய்னோன். "கோட்டு மேல உளி ஓட்டுனேன், அவ்வளவுதான்."

சொன்னது தன் வாய்தான் என்று அவனுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. லாம்பிஸ் அவனைப் பார்த்தான். மறுக்கவில்லை. கோட்டைத்தான் உளி தின்றுவிட்டதே, எதைக் காட்டி மறுப்பான் என்று நினைத்துக்கொண்டான் தெய்னோன்.

"மூணு வருஷம் நீ கோயில் வேலிக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்றார் மிக்கோன் லாம்பிஸிடம். "பலிக் கறியில பங்கும் கெடையாது. தெய்னோன், நீ அந்தக் கருமத்தச் செதுக்கி எடு."

பலகையைச் சாய்த்துப் படுக்கவைக்கும்போது அதன் முதுகு தெரிந்தது. அங்கே ஆணியால் கீறிப் பார்த்த சின்னப் படம்: மூன்று தேவிகள், மூன்று வெறுந்தலைகள். லாம்பிஸின் கை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பத்தடி தள்ளி நின்றது. ஒரு குரல் கொடுத்தால் போதும், உண்மை வெளியே வந்துவிடும். தெய்னோன் பலகையை மல்லாத்திப் போட்டு மாலைகளைக் கொத்தி எடுக்கத் தொடங்கினான். மண்டைகள் சப்பையாகிப்போயின. அழகு தருகிற தேவிகள் தாங்களே அழகு கெட்டு நின்றார்கள். சாயங்காலம் முதுகைச் சுவரோடு ஒட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிப் பதித்தான்.

மறுநாள் செம்மறி ஆடு வெட்டினார்கள். குழல் இல்லாத அமைதியில் ஆடு உதைப்பது நன்றாகக் கேட்டது. தெய்னோனுக்குத் தொடைக்கறி கொடுத்தார்கள். வேலிக்கு வெளியே லாம்பிஸ் ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தங்கை மீரோ தன் பங்கை வாங்காமல் தெய்னோன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, கல்லோட முதுகுல அவரு கீறினப்ப நான்தான் வெளக்குப் புடிச்சேன்."

அவன் கறியைக் கீழே வைத்தான். "அப்ப நேத்து ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு அவரும் நானும் பாத்துக்கிட்டு இருந்தோம்."

அவள் வேலி தாண்டிப் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெய்னோன் எழுந்து சுவரருகே போனான். சாந்து ஈரமாகத்தான் இருந்தது. பலகையின் விளிம்பில் விரல்களைக் கொடுத்தான். ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும்.

"என்ன தெய்னோன்?" பின்னாலிருந்து மிக்கோன் கேட்டார். "பலகையில ஆட்டம் ஏதும் இருக்கா?"

எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றான். "சாந்து புடிச்சிருச்சான்னு பாத்தேன்."

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய்த் தொட்டுப் பார்த்தான். கல்லும் சுவரும் ஒன்றாகிவிட்டிருந்தன. அவன் விரல் பதிந்த நாலு பள்ளங்கள் மட்டும் விளிம்புச் சாந்தில் இருந்தன.