கேமராவுக்குக் கீழே

குருடிமலைப் பனி விலகுமுன்பே, காலை ஆறு மணிக்கு, பெரியநாயக்கன்பாளையத்து ஷெட்டில் நாங்கள் நால்வரும் லென்ஸில் கண்ணை வைத்துவிடுவோம். எள்ளைவிடச் சிறிய கம்பிச்சுருளையும் கெப்பாசிட்டரையும் ட்வீசரால் எடுத்துப் போர்டில் வைத்துச் சால்டரிங் செய்ய வேண்டும். செல்போன் சிப்பையும் ஆன்டெனாவையும் ஒத்துப்போக வைப்பவை இவைதான். இல்லையென்றால் சிக்னல் வெளியே போகாமல் திரும்பிவிடும். பிறகு அவரவர் மேசையிலேயே சோதனை. திரையில் கோடு இரண்டு குறிகளுக்கு நடுவே இறங்கினால் பாஸ். எட்டு மணிக்கெல்லாம் கழுத்து இற்றுப்போகும், புகையில் தொண்டை கரிக்கும்.

போன மாதம் ஐம்பது போர்டுகள் காணாமல் போயின. முதலாளி மனோஜ்குமார் ரிஃபத்தின் மேசைக்கு மட்டும் கேமரா மாட்டினார், போர்டுக்கு ஒரு சாண் மேலே, இரும்புக் கை வைத்து. நஞ்சம்மாள் அக்கா, நவ்யா, நான் மூவரும் உள்ளூர். அவள் உக்கடத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் போர்டுகளில் பாதி ஃபெயில். ஆத்திரத்தில் வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்றார் முதலாளி. தினமும் அவளோடு சோறு பங்கிட்டுத் தின்ற நானும் அதை நம்பினேன்.

அவள் கெடுப்பதை நிரூபிக்க நினைத்து, நேற்று அவள் எழுந்து போனதும் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். என் மேசையில் பாஸான போர்டை வைத்தேன். ஃபெயில். நிமிர்ந்தேன், இரும்புக் கை. என் மேசைக்குத் திரும்பி, எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியைப் போர்டுக்கு மேலே பிடித்தேன். கோடு குறிகளை விட்டு விலகியது. எடுத்தேன், சரியானது. மேலே இரும்பு இருந்தால் சிக்னல் குழம்புகிறது, அவ்வளவுதான். எனக்கு என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

இன்று காலை முதலாளி டைப் அடித்த காகிதத்தோடு வந்தார்.

"ரிஃபத் போர்டைக் கெடுத்ததைப் பாத்தோம்னு மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க அம்மணி. இவள இன்னைக்கே அனுப்பிச்சுப்போடறேன்."

"ஏனுங்க சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க" என்று மூடியைப் பிடித்துக் காட்டினேன். கோடு விலகி, மூடியை எடுத்ததும் திரும்பியது. நன்றாகவே பார்த்தார், முகம் கறுத்தது.

"கேமராவக் கழட்டோணுமா? அப்பறம் களவுக்கு யாரு பொறுப்பு? நீயும் கூட்டா, யுவஸ்ரீ?"

"இவதான் எடுத்தாங்கறதுக்கு என்னங்க சாட்சி?" என்றார் நஞ்சம்மாள் அக்கா.

"நீங்கதான் சாட்சி. போடலீன்னா நாலு பேருக்கும் வேலை இல்ல."

"எனக்காக வேண்டாங்க்கா" என்றாள் ரிஃபத்.

"உனக்காக மட்டுமில்ல கண்ணு. நாளைக்கு இது எவ தலைக்கு மேல வருமோ, யாரு கண்டா?" என்றார் அக்கா.

காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் நிதானமாக எழுதினார்: 'கெடுப்பது கேமராவின் இரும்பு. ரிஃபத்தை நீக்கினால் நாங்கள் வேலை செய்யமாட்டோம்.' கையெழுத்திட்டார். நானும் போட்டேன். நவ்யாவும் போட்டாள்.

"நாளைக்கு ஆர்டர் போகோணும்" என்றார் முதலாளி.

"தெரியுமுங்க" என்றார் அக்கா.

அவர் காகிதத்தைத் தொடாமல் வெளியே போனார். போனில் யாரையோ அழைக்கும் குரல் கேட்டது. வேறு வேலையாட்களை வரவழைக்கிறாரோ, போலீஸையோ, தெரியவில்லை. எங்களில் ஒருவரும் ட்வீசரைத் தொடவில்லை. ரிஃபத் தன் ஸ்டூலை இழுத்துவந்து எங்களுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தாள்.