கொஞ்சம் கூடுதல் சூடு

முதல் சொம்பை நாத்தனாரின் முதுகில் ஊற்றும்போதே தண்ணீரில் சூடு கூடுதல் என்று அவளுக்குத் தெரியும். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணி எவ்வளவு சூடு தாங்கும் என்பதை உள்ளங்கையை அருகில் கொண்டுபோனாலே சொல்லிவிடுவாள். தெரியாமல் நடந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. நாத்தனார் “ஸ்ஸ்” என்று நெளிந்தாள். மாடிப்படியில் உருண்டு தம்பி வீட்டுக்கு வந்திருப்பவளுக்கு இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. அதன்மேல் நனையாமல் பாலிதீன் பை. தடுக்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது. முதுகு பட்டையாகச் சிவந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ இனித்தது. அடுத்த சொம்பையும் பச்சைத்தண்ணீர் விளாவாமலேதான் மொண்டாள்.

துவட்டும்போது நாத்தனார் திரும்பாமலே கேட்டாள்.

“வேணும்னேதானே ஊத்துன?”

“ஐயோ, இல்ல அண்ணி...”

“சும்மா இரு. இத்தனை நாளா ஊட்டி விடுறதும் தலை வாரி விடுறதுமா நீ என்னைத் தாங்குனே பாரு, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பதான் நிம்மதியா இருக்கு.”

பல வருஷம் முன்பு அவளுடைய குழந்தை இறந்தே பிறந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் காதில் விழும்படி, “ஒரு பிள்ளையை உசுரோட பெத்துக் குடுக்கத் துப்பில்ல” என்று சொன்னவள் இந்த நாத்தனார். அந்த வாக்கியத்தை அவள் வருஷக்கணக்காகக் கூடவே வைத்துக்கொண்டு தூங்கினாள், எழுந்தாள். பிறகு சபைக்குப் போனாள். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழுந்தபோது நெஞ்சில் அந்தக் கனம் இல்லை. அது நடிப்பே இல்லை. ஈரத்தலையோடு நாத்தனாருக்குப் போன் போட்டு, “உங்களை மன்னிச்சுட்டேன் அண்ணி” என்று அழுதாள். நாத்தனார் பட்டென்று போனை வைத்துவிட்டாள். அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு வந்த அன்று லாண்டரியில் வேலை ஓடவில்லை. ‘மன்னியும் ஆண்டவரே’ என்று ஆரம்பிப்பாள். உடனே சிவந்த முதுகு கண்முன் வரும்; கூடவே அந்த இனிப்பும் வரும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சும்மா நிற்பாள். பழைய மனுஷி ஞானஸ்நானத் தண்ணீரோடு போய்விட்டாள் என்று பாஸ்டர் சொன்னாரே. அப்படியானால் காலையில் சொம்பைப் பிடித்தது யார்?

சாயங்காலம் அவள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். ஹாலில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர். பார்க்க ஆளில்லாததால் நாத்தனாரையும் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பாஸ்டர் முகமெல்லாம் மலர்ந்திருந்தார்.

“தன்னை ஏசின வாய்க்கே சோறு ஊட்டுது பாருங்க இந்தக் கை. தங்கச்சி, ஆண்டவர் உங்களை எப்படி மாத்தினாருன்னு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க.”

அவள் எழுந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. புருஷன் தன் அக்காவையும் இவளையும் மாறி மாறிப் பெருமையாகப் பார்த்தான்.

“காலையில அண்ணி மேல வேணும்னே சுடுதண்ணி ஊத்தினேன்.”

யாரோ இருமலைப் பாதியில் விழுங்கினார்கள். “கை தவறியிருக்கும் தங்கச்சி,” என்றார் பாஸ்டர் அவசரமாக.

“தவறல பாஸ்டர். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இப்ப நினைச்சாலும் பிடிக்குது. நான் ஆண்டவரை விடல. ஆனா இது என்னை விடல. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.”

பாஸ்டர் வேதப் புத்தகத்தைத் திறந்தார். தேடாமலே மூடினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “எனக்கும் சில விஷயம் விட மாட்டேங்குதும்மா,” என்றார். அதைச் சபைக்கு முன்னால் சொல்லிவிட்டோமே என்பதுபோல உடனே தரையைப் பார்த்தார். புருஷன் எழுந்து வெளியே போய்விட்டான்.

“எல்லாரும் என்னையே முழிச்சுப் பாத்தா எப்படி?” என்றாள் நாத்தனார். “முதுகு அரிக்குது. யாராவது சொறிஞ்சு விடுங்க.”

ஒருவரும் அசையவில்லை. அவள்தான் போனாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று ரவிக்கைக்குள் கையை விட்டாள். தோல் இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

“இன்னும் மேல. ம், அங்கதான். அழுத்தி.”

அழுத்தினாள். யாரோ மெதுவாகப் பாட்டு எடுத்தார்கள். நாத்தனார் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். துணிக்கு அடியில் தன் நகங்கள் மேலும் கீழும் போய்வருவதை, அவை யாருடையவையோ என்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.