கதவின் பச்சை

வாங்க வந்தவர் பழைய காரை மூன்றாம் முறை சுற்றினார். கார் பெயின்டரான தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா? "அப்பா வாங்குனதுலேருந்து இதுமேல வேற பெயின்டே பட்டதில்லைங்க," என்று ஏழாவது தடவையாகச் சொன்னாள். வந்தவருக்கு வேண்டியதும் அதுதான். புதுசாய்ப் பூசிப் பளபளக்கும் வண்டிகள் தெருவுக்குத் தெரு கிடைக்கிறதாம். பிறந்த தோலோடு இருப்பதுதான் வேண்டுமாம். இது விற்றால்தான் அக்கா தையற்கூடம் தொடங்க முடியும்.

இடது முன்கதவில் பெயின்ட் பட்ட சங்கதி அவளுக்குத் தெரியாது. பதினேழு வயதில், அப்பா ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஓட்டிப்போய்த் தூணில் இடித்தவன் இந்தத் தம்பிதான். நெளிவை எடுத்து, கண்ணளவில் பச்சையைக் கலந்து, கதவு முழுக்க அடித்த கையோடு ஹாஸ்டலுக்கு ஓடிவிட்டான். லீவில் வந்து பார்த்தால் அச்சு அசல்! கதவுக்கும் மற்றதுக்கும் துளி வித்தியாசமில்லை. அப்பாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கர்வத்தில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தான். தன் வேலையை எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று இன்றுவரை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வந்தவர் பையிலிருந்து, பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டரை எடுத்தார். பெயின்டர் அந்த இடது கதவின் பக்கம் நகர்ந்தான். இப்போதே சொல்லித் தொலைத்துவிடலாமா?

அவர் முதலில் வைத்தது பானெட்டில். முகம் சுளித்தார். பிறகு கூரை, டிக்கி, வலது கதவுகள், கடைசியில் அந்த இடது கதவு.

"எல்லா இடத்துலயும் ரெண்டு தடவை அடிச்சிருக்கும்மா. முழு வண்டியும்."

அக்கா தம்பியிடம் திரும்பினாள். "என்னடா இது? நீ ஹாஸ்டல்ல இருந்தப்ப ஒரு மாசம் வண்டி பட்டறையிலதான் கெடந்துச்சு. இன்ஜின் வேலைன்னுல்ல அப்பா சொன்னாரு?"

பெயின்டர் முன்கண்ணாடியின் ரப்பரை நகத்தால் நெம்பினான். அடியில், மறுபடி பெயின்ட் படாத இடத்தில், விரற்கடை அளவு கம்பெனிப் பச்சை, நல்ல வெளிர் பச்சை. அவன் அன்று கலந்தது இதுவல்ல. ஈரத்தில் பார்த்துச் சரி என்று நினைத்திருக்கிறான், காய்ந்ததும் கறுத்திருக்கிறது. கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு.

"இது கம்பெனி கலரே இல்ல, யாரோ தப்பாக் கலந்திருக்காங்க," என்றபடி வந்தவர் மீட்டரைப் பைக்குள் போட்டார். "எனக்குச் சரிப்படாதும்மா, மன்னிச்சிடுங்க."

அவர் போனதும் அக்கா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கலந்தது நான்தான்க்கா," என்றான். "அந்த ஒரு கதவுக்கு மட்டும்தான். அது எடுப்பாத் தெரியக் கூடாதுன்னு மிச்ச வண்டி பூராவும் அப்பா அடிக்க வச்சிருக்காருக்கா."