குறுக்கே வராத பூனை

கீழே விழுந்த மோட்டார் சைக்கிளை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அதில் ஒருவர், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். வண்டியை ஓட்டிவந்தவள் முழங்காலைத் தடவிக்கொண்டே, யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"ஒரு பூனைங்க. திடீர்னு குறுக்க ஓடிருச்சு."

சொன்ன பிறகுதான் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பூனை வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. ஆனால் கேட்டவர் உடனே நம்பிவிட்டார். பக்கத்தில் நின்றவர் ஒரு படி மேலே போய், "இந்தத் தெருவுல பூனைத் தொல்லை தாங்க முடியல" என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். நடைபாதை ஓரத்தில், வலது மணிக்கட்டை இடது கையால் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாத்தனார், "நல்லவேளை அண்ணி, அது மேல ஏத்தாம விட்டீங்க" என்றாள்.

உண்மையில் நடந்தது வேறு. அந்தத் தெருமுனையில் ஒரு மரச்சாமான் கடை. தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. வலப்பக்கம் திரும்பும்போது அந்தக் கண்ணாடியில் ஹெல்மெட் போட்ட ஒருத்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு ஜம்மென்று போய்க்கொண்டிருந்தாள். யாரடா இவள் என்று பார்த்தால், அவளேதான். நாற்பத்தொரு வயதில் தன்னைத் தானே அப்படி ரசித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு விநாடி இருக்கும். கண்ணைத் திருப்பினால் முன்னால் போன கார் நின்றிருந்தது. ஹேண்டில் திரும்பியபடியே இருக்க, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். யாரோ காலை வாரிவிட்டதுபோல வண்டி அப்படியே வலப்பக்கம் படுத்துவிட்டது. வேகம் என்று பார்த்தால் சைக்கிள் வேகம்கூட இல்லை. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. நாத்தனார் மட்டும் கையை ஊன்றிவிட்டாள்.

அவள் ஒரு சின்ன மருத்துவமனையில் பதின்மூன்று வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். ஒரு காலில் நின்று, யாருடைய பையோ விலாவில் குத்த, பாதிப் பிழைப்பு பஸ்ஸிலேயே போயிற்று. கியர் வண்டி வாங்கி ஓட்டப்போகிறேன் என்று அவள் வாய் திறந்த அன்று வீடே இரண்டுபட்டது. "உனக்கெதுக்கு வேண்டாத வேலை?" என்றார் கணவர். "விழுந்து வாரினா யாரு பாக்கிறது?" என்றார் மாமியார். நாத்தனார் ஒருத்திதான், "அண்ணி ஓட்டட்டும்மா. முதல் ஆளா நான் பின்னாடி உக்கார்றேன்" என்று கொடி பிடித்தாள். சொன்ன சொல் தவறாமல் மூன்றாவது வாரமே உட்கார்ந்தும் விட்டாள்.

அந்த நாத்தனார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். அவளுக்கு வாயை விடக் கைதான் அதிகம் பேசும்.

விழுந்த அன்றே எக்ஸ்ரே அறையில் இவள் தன் கையாலேயே படம் எடுத்தாள். "கையைத் தட்டு மேல வை. விரலை விரி. அசைக்காத" என்று ஆயிரம் பேரிடம் சொன்னதையே நாத்தனாரிடமும் சொன்னாள். படம் திரையில் வந்தது. டாக்டர் பார்க்கும் முன்னே அவள் பார்த்துவிட்டாள். கட்டைவிரலுக்கு அடியில், முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கிற சின்ன எலும்பில், மயிரிழை போல ஒரு கோடு. பிறருடைய எத்தனையோ முறிவுகளைக் கண்ணிமைக்காமல் பார்த்தவளுக்கு அந்த ஒரு கோட்டைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் வந்தார். "எப்படிம்மா விழுந்தீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "பூனை குறுக்க வந்துருச்சு டாக்டர். அண்ணி மட்டும் சட்டுனு பிரேக் போடலைன்னா அது செத்தே போயிருக்கும்."

ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு என்றார் டாக்டர்.

வீட்டில் பூனை வளர ஆரம்பித்தது. முதல் நாள் அது வெறும் பூனை. மறுநாள் கறுப்புப் பூனை. கணவர், "மூணு வாரத்துல ஆளை உக்காரவெச்சு ஓட்டணும்னு என்ன அவசரம்?" என்று ஆரம்பித்தபோது அது வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடுகிற தாய்ப்பூனை ஆகிவிட்டது. நாத்தனார் வேண்டுமென்று பொய் சொல்கிறவள் இல்லை. அண்ணியை யாராவது ஒரு சொல் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. அந்த வேகத்தில் ஒன்று இரண்டாகிவிடும். "நீங்களா இருந்தா பூனை மேல ஏத்திட்டுப் போயிருப்பீங்கண்ணா" என்று அண்ணனின் வாயை அடைத்தாள். மாமியார்கூட, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று மருமகளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார்.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் நாத்தனாருக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட்டாள். கேட்காததையும் செய்தாள். "அண்ணி, எனக்குக் கைதான் உடைஞ்சிருக்கு. நீங்க என்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டுறீங்க" என்று நாத்தனார் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இவளுக்குக் குறுகுறுத்தது.

வளைந்த பிரேக் பிடியை மாற்ற மெக்கானிக்கிடம் போனாள். இருபத்தைந்து வயதிருக்கும் அவனுக்கு. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"திரும்பும்போது விழுந்தீங்களாக்கா?"

"ஆமாம். ஒரு பூனை..."

"பூனையோ யானையோ, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை மட்டும் இறுக்கினா வண்டி படுத்துரும். திரும்புறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கணும். ரெண்டு பிரேக்கையும் பதமாப் பிடிக்கணும். கண்ணு எங்க போகுதோ அங்கதான் வண்டியும் போகும். நீங்க எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்கோ போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. "ரோட்டைத்தான்" என்று முனகிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம், மாவுக்கட்டைச் சரிபார்க்க நாத்தனாரை அழைத்துப்போகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். நாத்தனார் இடது கையாலும் புருவத்தாலும் தோளாலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நடுநடுவே மாவுக்கட்டுக் கை தன்னையறியாமல் மேலே எழும்பி, பாதி வார்த்தையில் நின்று, இறங்கியது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பாதி வார்த்தைகளைப் பிடிக்கப் பார்த்தார்கள். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் வராந்தாவில் ஒரு சாம்பல் நிறப் பூனை தயங்கித் தயங்கி வந்தது. ஜன்னலோரம் இருந்த பிள்ளைகள் பார்த்ததும் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி காலைத் தரையில் ஓங்கி உதைத்தாள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினான். பூனை மதில் ஏறிப் பக்கத்து அச்சகத்துக்குள் குதித்து மறைந்தது.

"ஏன் விரட்டுதுங்க?" என்று கேட்டாள்.

"அதை ஏன் கேக்கிறீங்க! இதுங்க செல்லம் அது. என் கை உடையிற வரைக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் மூடி பால் வெச்சுதுங்க. கை எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டதுங்க, சொன்னேன். அன்னிலேர்ந்து பூனைன்னாலே எதிரி. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல. டீச்சர் மேல அவ்வளவு பாசம்."

நாத்தனார் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். இவள் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தது இவள், அடி வாங்கியது நாத்தனார், இப்போது தண்டனை ஏதுமறியாத ஒரு பூனைக்கு.

மறுநாள் காலை நாத்தனார் முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் பின்னால் நின்று சடை பின்னிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்க வேண்டாம் என்கிற தைரியத்தில் சொன்னாள்.

"அன்னிக்குப் பூனை எதுவும் வரல."

நாத்தனாரின் தலை அசையவில்லை. "பின்ன?"

"கடைக் கண்ணாடில என்னைப் பாத்துட்டு இருந்தேன். நான் வண்டி ஓட்டுற அழகை."

நாத்தனார் மடியிலிருந்த ரப்பர் பேண்டைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"பாதிதான் பின்னியிருக்கீங்க. முடிங்க" என்றாள் நாத்தனார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் பேச்சு இல்லை. சடை பின்னும் வேலை மாமியாருக்குப் போயிற்று. அவர் பின்னிய சடை பத்து மணிக்கே அவிழ்ந்துவிடும் என்று தெரிந்தும் நாத்தனார் இவளிடம் வரவில்லை. இவளே கணவரிடமும் மாமியாரிடமும் உண்மையைச் சொன்னாள். "நான் அப்பவே சொன்னேன்" என்பதைக் கணவர் ஒரே தடவையில் சொல்லி முடிக்காமல், ஒரு வாரத்துக்குத் தவணை முறையில் சொன்னார். "அப்படி என்னம்மா அழகு பாத்த?" என்றார் மாமியார், கோபத்தை விட ஆச்சரியத்தோடு. எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். திட்டு விழ விழக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் திட்ட வேண்டியவள் திட்டவில்லையே.

ஐந்தாம் நாள் நாத்தனார் மாடிப்படியில் வழிமறித்தாள்.

"விழுந்ததுக்கு எனக்குக் கோபமே இல்ல அண்ணி. யாரு வேணா விழலாம். என்னை எதுக்குப் பொய் சொல்ல வெச்சீங்க? உங்களுக்காக எங்கண்ணன்கிட்ட சண்டை போட்டேன். அதை விடுங்க. அந்தப் பிள்ளைங்க காதால கேட்டு நம்புறதில்ல. என் மூஞ்சியைப் பாத்து நம்புதுங்க. அந்த மூஞ்சியை வெச்சு, ஒத்தைக் கையால கஷ்டப்பட்டு, அவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கேன்."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்களே வந்து சொல்லணும்."

போனாள். பதினான்கு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. காது கேளாதவர்கள் முன்னால் குரல் நடுங்குவது தெரியாது என்று நினைத்தாள். உதடு நடுங்குவதை அவர்கள் எல்லோரையும் விடத் தெளிவாகப் பார்த்தார்கள். "உங்க டீச்சர் விழுந்தது என்னால. பூனையால இல்ல. பூனை வரவே இல்ல. பயத்துல பொய் சொல்லிட்டேன்" என்றாள். நாத்தனார் அதை இடது கையால் எடுத்துச் சொன்னாள், கூட்டாமல், குறைக்காமல். அந்த ஒரு நாள் பூனைக்கு நிறமும் இல்லை, குட்டியும் இல்லை.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி கை தூக்கி ஏதோ கேட்டாள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"பூனைகிட்ட சொல்லிட்டீங்களான்னு கேக்கிறா."

அன்று மதியம் முழுக்க, பதினான்கு பேரும் அவளும் மதிலோரம் பால் மூடிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அச்சகத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை ஒரு தடவை பார்த்தது. கொட்டாவி விட்டது. வரவில்லை.

மூன்றாம் நாள் வந்துவிட்டதாம். நாத்தனாருக்கு அதை விட அதிக நாள் பிடித்தது. காலைச் சடை இரண்டு வாரம் கழித்துத் திரும்ப இவள் கைக்கு வந்தது. வண்டிப் பக்கம் மட்டும் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை, பஸ்ஸில்தான் போனாள். இவள் விடிந்ததும் ஒரு கிடங்கின் பின்னாலுள்ள காலி இடத்துக்குப் போய், திரும்புவதற்கு முன்னே வேகம் குறைப்பதையும், வண்டி நேராக நிற்கும்போது பிரேக் பிடிப்பதையும் கை வலிக்க வலிக்கப் பழகினாள்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மறுபடி படம் எடுத்ததும் அவள்தான். கோடு மறைந்திருந்தது. ஆனால் கட்டைவிரல் முன்போல மடங்கவில்லை. பயிற்சி செய்யச் செய்யச் சரியாகும் என்றார் டாக்டர். மற்ற விரல்கள் ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகு கட்டைவிரல் மட்டும் பின்தங்கி வந்து சேரும். பேசுகிறவளுக்குப் பழகிவிட்டது. பார்க்கிறவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

ஒரு திங்கட்கிழமை, அவள் வண்டியைக் கிளப்பும்போது பின்னால் கனம் ஏறியது. நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, தோளில் கை வைத்தாள். நான்கு விரல்கள் அழுந்தின. ஐந்தாவது தொட்டும் தொடாமலும் இருந்தது. அந்த இடத்தை மட்டும் அவள் உணர்ந்துகொண்டே ஓட்டினாள். ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய நின்று, காலை ஊன்றி, திரும்பினாள். நடந்துபோன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார்.

"அண்ணி."

"சொல்லு. வேகமாப் போறேனா?"

"இதை விட மெதுவாப் போனா மறுபடி விழுந்துருவோம். கொஞ்சம் முறுக்குங்க. எனக்கு முதல் பாடம் ஒன்பது மணிக்கு."